மேடையில் கீபோட் வாசிப்போருக்கு: ஸ்டீரியோ இணைப்பு பற்றிய ஒரு பாடம்

கீபோட் வாத்தியத்தின் முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள் அங்கே இரண்டு துளைகள் அருகருகே இருக்கக் காண்பார்கள். ஒன்றின் மேல் 'எல்/மொனோ' என்றும் மற்றதன் மேல் 'ஆர்' என்றும் பொறிக்கப்பட்டிருக்கும். வாத்தியத்தை வாங்கி வருடக்கணக்காக வாசித்தவர்களிற் பலர், இவ்விரண்டில் எதில் வயரைச் செருகுவது, இரண்டிலும் செருகினால் என்ன நடக்கும் என்று ஒரு முறையாவது யோசித்திருக்க மாட்டார்கள். ஒலிபெருக்கி அமைப்பவர் கொண்டுவந்த வயர் எதுவோ, அது கைக்கு எட்டிய துளைக்குள் போகும். சத்தம் வந்தால் அலுவல் முடிந்தது. நமது ஊர்களில் பெட்டி எதுவாயினும் அதை "ஓர்கன்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். துளைகளைப் பற்றியும் அதே அலட்சியந்தான்.

அலட்சியம் செய்யாமல் மிகவும் அக்கறைப்பட்டுப் பிழைவிட்டவர்களும் உண்டு. அவர்களில் நானும் ஒருவன். அந்தக் கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்த இசை மாலைக்கு வாசிக்கப் போனேன். வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு கிழமை பாடுபட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் ஓசைகளைத் தெரிவு செய்து வைத்திருந்தேன். ஒரு பாட்டுக்குப் புல்லாங்குழலை முழுவதும் வலது பக்கத்துக்கும், வயலின் கூட்டத்தை முழுவதும் இடது பக்கத்துக்கும் ஒதுக்கினேன். ஹெட்போனில் கேட்கையில் தலைக்குள் ஒரு மேடையே விரிந்தது போலிருந்தது. மண்டபத்தில், மேடையின் இரு ஓரத்திலும் நின்ற பெரிய பொக்ஸுகளுக்கு இடம் வேறு வலம் வேறாகப் பிரித்து அனுப்பும்படி ஒலி அமைப்பாளரைக் கேட்டேன். அவரும் மறுபேச்சின்றி அப்படியே செய்தார்.

பாடகர் குழுவான பிள்ளைகள், சபையிலிருந்து பார்த்தால், மேடையின் இடது பக்கத்தில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் வைத்த சிறிய பொக்ஸுக்கும் இடது வழி மட்டுமே போயிருந்தது. புல்லாங்குழலின் முன்னிசையைக் கேட்டுச் சுருதி பிடித்து அவர்கள் தொடங்க வேண்டும். வயலின்கள் பிறகுதான் வரும். முன்னிசை அவர்களுக்குக் கேட்கவேயில்லை. என் தலையசைப்பைப் பார்த்து, தாங்களாக ஒரு சுருதியை ஊகித்துத் தொடங்கினார்கள். நான் வேறொன்றில் நின்றேன். இரண்டு வரி போன பின்னரே ஒருவாறு சேர்ந்துகொண்டோம். பத்து வயதுப் பிள்ளைகள். இரண்டு மாதம் பழகியவர்கள். மேடையை விட்டு இறங்குகையில், பிழை தங்களுடையது என்றே எண்ணி முகம் வாடிப் போனார்கள்.

நிகழ்ச்சி முடிந்தபின் வலது பக்கம் இருந்த ஒரு முதிய அம்மா, "தம்பி, அந்தப் பாட்டுக்கு வெறும் புல்லாங்குழல்தானோ? மற்றது ஒண்டும் கேக்கேல்லை" என்றார். இடது பக்கம் இருந்த அவருடைய தங்கையோ, "என்ன அக்கா, புல்லாங்குழல் எங்கை கிடந்தது? வயலின்தானே வாசிச்சவர்" என்று வாதாடினார். இருவரும் சொன்னது உண்மை. அவர்கள் ஒரே மண்டபத்திலிருந்து இரண்டு வேறு கச்சேரிகளைக் கேட்டிருந்தார்கள்.

ஸ்டீரியோ யாருக்காகப் பிறந்தது?

'ஸ்டீரியோஸ்' என்பது திண்மை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒலிக்கு நீளம் அகலம் கொடுத்து, தொட்டுப் பார்க்கக்கூடிய திண்மப் பொருள் போல் ஆக்குவதே அதன் நோக்கம். மனிதனுக்குக் காது இரண்டு. ஒரு சத்தம் ஒரு காதுக்கு முந்தியும் மற்றக் காதுக்குப் பிந்தியும், ஒன்றுக்குப் பலமாகவும் மற்றதற்குச் சற்று மெலிந்தும் வந்து சேர்வதைக் கொண்டே அது எத்திசையிலிருந்து வருகிறது என மூளை கணிக்கிறது.

1881ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த மின்சாரக் கண்காட்சியிலே கிளெமென் அடே என்ற பொறியியலாளர், ஒப்பரா மேடையில் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, தொலைபேசிக் கம்பிகள் வழியே இசையைக் கண்காட்சி மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். கேட்பவருக்குக் காதுக்கு ஒன்றாக இரண்டு கேட்குங்கருவிகள் கொடுக்கப்பட்டன. பாடகர் மேடையில் நடந்து செல்வதைக் கண்ணால் காணாமலே காதால் உணர்ந்து மக்கள் வியந்தனர். ஐம்பது வருடங்களின் பின், 1931இல், இங்கிலாந்தின் அலன் புளூம்லைன் இவ்வித்தையை முறைப்படுத்தி உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தார். இன்றைய ஸ்டீரியோ ஒலிப்பதிவின் அடிப்படைகள் பலவும் அந்த ஒரு பத்திரத்தில் உள்ளன. உலகப் போரில் ராடர் கருவியொன்றைப் பரிசோதிக்கச் சென்ற விமானம் விழுந்து, 1942இல், நாற்பது வயதாகு முன்னரே அவர் இறந்துபோனார்.

நமக்கு இவற்றைவிட முக்கியமானது இன்னொரு பரிசோதனையாகும். 1933 ஏப்பிரல் 27ஆம் திகதி அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார், பிலடெல்பியா நகரில் வாசித்துக்கொண்டிருந்த பெரிய வாத்தியக் குழுவின் இசையைக் கம்பி வழியே வாஷிங்டன் நகருக்கு அனுப்பி, அங்கே ஒரு பெரிய மண்டபத்திற் கூடியிருந்த சபைக்குக் கேட்கச் செய்தார்கள். வாஷிங்டனில் ஒலியைக் கட்டுப்படுத்தும் குமிழ்களின் முன் அமர்ந்திருந்தவர் புகழ்பெற்ற இசை நடத்துநர் ஸ்டொகொவ்ஸ்கி. அன்று அவர்கள் பயன்படுத்திய வழிகள் இரண்டல்ல, மூன்று: இடம், நடு, வலம். காது இரண்டாயிருக்க வழி ஏன் மூன்று? ஹெட்போன் மாட்டிய ஒருவருக்கு இரண்டு வழி போதும். அகன்ற மண்டபத்தில் ஆளுக்கொரு திசையில் அமர்ந்திருக்கும் சபைக்கு இரண்டு பொக்ஸ் மட்டும் இருந்தால் நடுவில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். ஓரத்தில் இருப்பவருக்கோ நடுவும் இல்லை, மறுபக்கமும் இல்லை. இதை அவர்கள் 1933இலேயே கண்டுவிட்டார்கள். திரைப்பட அரங்குகளில் இன்றும் திரையின் பின்னால் நடுவில் ஒரு ஒலிபெருக்கி இருப்பதும், பேச்சு பெரும்பாலும் அதிலிருந்தே வருவதும் இதே காரணத்தாற்றான்.

மண்டபத்தில் நடப்பது

ஒலி காற்றில் ஓர் அடி தூரம் போக ஏறத்தாழ 1 மில்லிசெக்கன் எடுக்கும். அதாவது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு. கணக்கை மனதில் வைத்திருக்க இது போதும்.

மேடையின் இரு ஓரத்திலும் 30 அடி இடைவெளியில் இரண்டு பொக்ஸ் நிற்பதாக வைத்துக்கொள்வோம். வலது பொக்ஸுக்கு நேர் முன்னால் 8 அடியில் ஒருவர் இருக்கிறார். இடது பொக்ஸ் அவருக்கு 31 அடி தூரம். ஆகவே இடது பக்க ஒலி அவரிடம் 20 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தி வருகிறது. வெகுவாக மெலிந்தும் வருகிறது. இவ்வாறு ஒரே ஒலி இரு இடங்களிலிருந்து சற்று முந்திப் பிந்தி வந்தால், முந்தி வந்த திசையையே மூளை நம்பும் என்பதை ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து காட்டினார். பிந்தி வருவது ஓரளவு பலமாக இருந்தாலும் அது வேறொரு சத்தமாகத் தெரியாது, முந்தியதோடு கலந்துவிடும்.

இரண்டு பொக்ஸிலும் ஒரே இசை போகிறதென்றால் இதனால் நட்டம் ஏதுமில்லை. அவர் எல்லாவற்றையும் தமக்கு அருகிலுள்ள பொக்ஸிலிருந்து கேட்பார், முழுமையாகக் கேட்பார். இரண்டிலும் வேறு வேறு இசை போனால்தான் வில்லங்கம். தூரத்துப் பொக்ஸில் மட்டும் உள்ள வாத்தியம் அவருக்குப் பலவீனமான எதிரொலி போலாகிவிடும். ஸ்டீரியோவை ஒழுங்காக அனுபவிப்பவர், இரு பொக்ஸுக்கும் சமதூரத்தில், நடுக் கோட்டின் அண்மையில் இருப்பவர் மட்டுமே. நமது மண்டபங்களில் அந்த நடுக் கோடு பெரும்பாலும் ஆட்கள் நடந்துபோகும் வழியாகவே இருக்கும் என்பதையும் யோசியுங்கள்! ஆளில்லாத பாதைக்காகவா இரண்டு கிழமை பாடுபட வேண்டும்?

ஆகவே வாசிப்பவர் முதலில் கேட்கவேண்டியது, "என் வாத்தியத்தில் ஸ்டீரியோ இருக்கிறதா?" என்பதல்ல, "ஒரு பக்கத்தை மட்டும் கேட்பவருக்குப் பாட்டு முழுதாகப் போய்ச் சேருமா?" என்பதே. மெட்டு, சுருதி பிடிக்கும் கோட், தாளத்தைத் தாங்கும் பேஸ் ஆகிய மூன்றும் இரண்டு பொக்ஸிலும் சமமாக இருக்க வேண்டும். எதிரொலி, மெல்ல அலையும் பின்னணி ஓசை போன்ற அலங்காரம் மட்டும் அகன்று போகலாம். அலங்காரத்திற் பாதி ஒருவருக்குக் கேட்காமற் போனால் அவர் எதையும் இழந்ததாக உணரமாட்டார்.

முப்பதடிப் பியானோ

பியானோ ஓசையில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுகின்றது. கீபோட்டில் உள்ள பியானோ ஓசை, உண்மையான பியானோ ஒன்றை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஒலிவாங்கிகளால் பதிவுசெய்து எடுக்கப்பட்டது. அநேகமாக அது வாசிப்பவரின் இருக்கையிலிருந்து கேட்பது போல் அமைந்திருக்கும்: கீழ்ச் சுரங்கள் இடது காதில், மேற் சுரங்கள் வலது காதில். வீட்டில் தனிமையில் வாசிப்பவருக்கு அது இன்பம்.

அந்த ஓசையை 30 அடி இடைவெளியுள்ள இரு பொக்ஸுக்குப் பிரித்து அனுப்பினால் என்னாகும்? முப்பதடி அகலமான பியானோ ஒன்று பிறக்கும். கீழிருந்து மேலே விரல் ஓடும்போது இசை மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடும். இடது பக்கத்தாருக்கு இடது கையும் வலது பக்கத்தாருக்கு வலது கையும் தூக்கலாகக் கேட்கும். உண்மையான பியானோவை மேடையில் வைத்து வாசிக்கும்போது சபை அவ்வாறு கேட்பதில்லை. வாசிப்பவருக்குத்தான் பேஸ் இடம், மேற் சுரம் வலம். இருபதடிக்கு அப்பால் இருப்பவருக்கு முழுப் பியானோவும் மேடையில் ஓர் இடத்திலிருந்து வருவதாகவே தோன்றும். எனவே பியானோவை நடுவில் நிறுத்துவது இயற்கைக்கு விரோதம் என்று எண்ணவேண்டியதில்லை. சபையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவே இயற்கைக்கு அண்மையானது.

கூட்டினாற் குறையும் ஓசை

"அப்படியானால் இடத்தையும் வலத்தையும் ஒன்றாகக் கலந்து அனுப்பிவிட்டால் முடிந்ததே" என்று சிலர் சொல்லக்கூடும். அவ்வளவு எளிதன்று. ஒரே சுரம் இரண்டு ஒலிவாங்கிகளுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேருவதில்லை. இரண்டுக்கும் இடையே 1 மில்லிசெக்கன் வித்தியாசம் இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் கூட்டும்போது, செக்கனுக்கு 500 முறை அதிரும் ஒலியில் ஒரு வழி மேலே எழும் வேளையில் மற்ற வழி கீழே இறங்கும், ஒன்றையொன்று அழித்துவிடும். 1,500, 2,500 என்ற அதிர்வுகளிலும் அப்படியே. இடையிலுள்ள 1,000, 2,000 போன்றவை பலக்கும். 500 என்பது நடு 'சி'க்கு மேலுள்ள 'பி' சுரத்துக்கு மிக அண்மையானது. மெட்டு நடமாடும் இடம். பியானோ ஓசையில் இந்த அழிவு முற்றாக நிகழாது. ஆயினும் ஓசை உள்ளீடற்று, தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். "ஹெட்போனில் கேட்ட பியானோ மண்டபத்தில் எங்கே போயிற்று?" என்று பலர் அங்கலாய்ப்பதற்கு இது ஒரு காரணமாகும்.

பரிகாரம் உண்டு. எல்லாப் பியானோ ஓசைகளும் இப்படிக் கெடுவதில்லை. ஒரே வாத்தியத்திலுள்ள நாலைந்து பியானோக்களில் ஒன்றிரண்டு, கூட்டிய பின்னரும் உறுதியாக நிற்கும். சில வாத்தியங்களில் 'மொனோ பியானோ' என்று பெயரிட்டே ஓர் ஓசை தரப்பட்டிருக்கும். ஹெட்போனில் அது சப்பென்று இருக்கும். அதனால் எவரும் அதை விரும்பித் தொடுவதில்லை. மேடைக்கு அதுவே கைகொடுக்கும்.

பக்கம் மாறி மாறி ஒலிக்கும் ஓசைகளில் இன்னும் விசித்திரமான விளைவு ஏற்படும். 1970களில் புகழ்பெற்ற 'ரோட்ஸ் சூட்கேஸ்' மின்பியானோவில் ஓசை இடமும் வலமுமாக ஊசலாடும். அந்த ஊசல் ஒரு பக்கம் குறையக் குறைய மறுபக்கம் கூடுவதால் உண்டாவது. இரண்டையும் கூட்டினால் மொத்தம் எப்போதும் ஒன்றே. ஊசல் மறைந்து ஓசை அசையாமல் நிற்கும். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தாலோ, யாரோ குமிழைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பது போல் வெட்டி வெட்டிக் கேட்கும். அந்தப் பியானோவைச் செய்தவர்கள் அதன் ஒலிபெருக்கிகளை அதன் கீழேயே ஒரே பெட்டியில் வைத்தார்கள். ஆகவே ஊசலாட்டம் முழுவதும் ஓரிடத்திலிருந்தே சபைக்குப் போயிற்று. ஹமண்ட் ஓர்கனுடன் சேர்ந்த லெஸ்லி பெட்டியும் அத்தகையதே. மேலே சுழலும் கொம்பு, கீழே சுழலும் உருளை. இரண்டும் ஒரே பெட்டிக்குள். இன்றைய கீபோட்டில் அவற்றின் பிரதியை வாசித்து, அதை மண்டபத்தின் இரு மூலைக்கும் வீசினால், மூல வாத்தியம் ஒருநாளும் செய்யாததைச் செய்விக்கிறோம் என்பதை அறிந்து செய்யவேண்டும். இப்படியான ஓசைக்கு மிக்சரில் உள்ள 'பான்' குமிழை இரு பக்கமும் முழுக்கத் திருப்பாமல், நடுவிலிருந்து சிறிதளவு மட்டும் விலக்குவது நல்லது. அசைவும் இருக்கும், எவரும் பாதியை இழக்கவும் மாட்டார்கள்.

1983இல் வெளிவந்து அக்காலப் பாட்டுகளில் எங்கும் ஒலித்த யமஹா டி.எக்ஸ்.7 கீபோட்டில் ஒலி வெளிவரும் துளை ஒன்றே ஒன்றுதான். அதை வைத்து அவர்கள் செய்த இசை எவ்விதத்திலும் ஒல்லியாக இருந்ததில்லை.

வயர்களும் துளைகளும்

இனி இணைப்பு. 'எல்/மொனோ' துளையில் மாத்திரம் பிளக்கைச் செருகினால், வாத்தியம் தானாகவே இரண்டு வழிகளையும் கூட்டி அதன் வழியே அனுப்பும். 'ஆர்' துளையிலும் பிளக் நுழைந்த மறுகணம் அது பிரிந்து, இடம் இடத்துக்கும் வலம் வலத்துக்கும் போகும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 'ஆர்' வயரின் மறுமுனை எங்கும் இணைக்கப்படாமல் தரையில் கிடந்தாலும் வாத்தியத்துக்கு அது தெரியாது. பிளக் நுழைந்துவிட்டது என்று நம்பிப் பாதி இசையைத் தரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரு வழி போதுமென்றால் 'ஆர்' வயரைக் கழற்றியே விடவேண்டும். 'ஆர்' துளையில் மாத்திரம் செருகுவது பெரும் பிழை. அதில் வலப் பாதி தவிர வேறொன்றும் வராது.

விலை குறைந்த கீபோட்டுகள் பலவற்றில் இந்த இரு துளைகளும் இல்லை; ஹெட்போன் துளை ஒன்றே உண்டு. அங்கேதான் பெரிய பொறி. ஹெட்போன் பிளக்கில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும். நுனி இடத்துக்கு, நடு வலத்துக்கு. அத்தகைய வயரின் இரு முனையிலும் ஒரே மாதிரிப் பிளக் இருப்பதால், மறுமுனையை மிக்சரின் ஒற்றைத் துளையில் செருகிவிடுவார்கள். மிக்சரோ அந்த இரண்டையும் இடம் வலம் என்று எண்ணாது. இரைச்சலை நீக்குவதற்காக ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது அதன் வேலை. இடத்திலிருந்து வலத்தைக் கழித்தால், இரண்டிலும் சமமாக உள்ளதெல்லாம் மறைந்துபோகும். பேஸ், பெரிய மேளம், நடுவில் நிற்கும் மெட்டு யாவும் போய், எதிரொலியும் ஓரத்து ஓசைகளுமே பேய்க் குரல் போல் மிஞ்சும். ஹெட்போனை மாட்டினால் எல்லாம் சரியாயிருக்கும். வாத்தியம் பழுது என்று திருத்தக் கொடுத்தவர்களை நான் அறிவேன்.

மறுபுறம், ஒற்றை வளையமுள்ள சாதாரண பிளக்கை ஹெட்போன் துளையில் செருகினால், வலது வழி நேரே ஏர்த்துடன் முட்டிக்கொள்ளும். அது வாத்தியத்துக்கு நல்லதல்ல. செய்யவேண்டியது இதுதான்: ஒரு முனையில் இரு வளையப் பிளக்கும், மறு முனையில் இரண்டு தனித்தனி ஒற்றைப் பிளக்குகளும் உள்ள, 'வை' எழுத்துப் போன்ற வயரை வாங்கி, மிக்சரின் இரண்டு வழிகளில் கொடுக்க வேண்டும். பின்பு மிக்சரில் இரண்டையும் நடுவுக்குத் திருப்பிக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அதே 'வை' வயரைத் தலைகீழாகப் பாவித்து, வாத்தியத்தின் இரு வெளிவழிகளையும் ஒரே பிளக்கில் முடிந்துவிடக் கூடாது. அப்போது இரு வழிகளும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும். கூட்டும் வேலை மிக்சருடையது அல்லது 'எல்/மொனோ' துளையுடையது, வயருடையதல்ல.

வாத்தியத்துக்கும் மிக்சருக்கும் இடையே தூரம் இருபதடியைத் தாண்டுமாயின், டி.ஐ. பொக்ஸ் எனப்படும் சிறு பெட்டியை வாத்தியத்தின் அருகில் வைத்து, அங்கிருந்து மைக் வயரில் அனுப்புவதே முறை. நீண்ட சாதாரண வயர் வழியெல்லாம் இரைச்சலைப் பொறுக்கிக்கொண்டு போகும். ஸ்டீரியோ என்றால் இரண்டு டி.ஐ. பொக்ஸ் வேண்டும், அல்லது இரு வழியுள்ள ஒன்று. அந்தப் பெட்டியில் ஏர்த்தைப் பிரிக்கும் சிறு சுவிச் ஒன்று இருக்கும். "ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் அதைத் தட்டிப் பார்க்கலாம். இரைச்சலை நிறுத்துவதற்காக மின்சாரப் பிளக்கின் ஏர்த் வயரை வெட்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிருக்கு உலை வைக்கும் வேலை. ஒரு மேடையிலும் அதற்கு இடங்கொடுக்காதீர்கள்.

வாசிப்பவருக்கு ஸ்டீரியோ, சபைக்கு மொனோ

இத்தனையும் படித்துவிட்டு, "எனக்குப் பிடித்த அந்த அகன்ற ஓசையை முற்றாகத் துறக்கவேண்டுமா?" என்று இளைஞர்கள் மனம் சோரக்கூடாது. நல்ல ஓசை காதில் விழுந்தால் விரலும் நன்றாக ஓடும். இது வாசிப்பவர் எல்லாரும் அறிந்தது. வாத்தியத்தின் பக்கத்தில் ஒரு சிறு மிக்சரை வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியத்திலிருந்து இரண்டு வழிகளும் அதற்குள் வரட்டும். ஹெட்போன் வழியே, அல்லது அருகில் வைத்த இரு சிறு பொக்ஸ் வழியே, நீங்கள் ஸ்டீரியோவாகவே கேளுங்கள். சபைக்கு அந்த மிக்சரிலிருந்து கூட்டிய ஒரு வழியைக் கொடுங்கள். இரண்டு கீபோட் வைத்து வாசிப்பவருக்கு இதனால் இன்னொரு வசதி: நாலு வயர் போகவேண்டிய இடத்தில் ஒரு வயர் போகும்; இரண்டுக்கும் உள்ள ஏற்ற இறக்கத்தைத் தாமே பார்த்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: நீங்கள் கேட்பது ஸ்டீரியோ, சபை கேட்பது மொனோ. ஓசைகளை ஆயத்தம் செய்யும் நாளிலேயே கூட்டிய ஒலியில் கேட்டுத் தெரிவு செய்யாவிட்டால், நீங்கள் இனிமை என்று வாசிக்கும் பியானோவைச் சபை தகரமாகக் கேட்கும்.

சபைக்கும் ஸ்டீரியோ கொடுக்கத்தக்க சந்தர்ப்பங்கள் உண்டு. நூறு பேருக்கு உட்பட்ட சிறிய இடம், பொக்ஸுகள் இரண்டும் பத்துப் பன்னிரண்டு அடி இடைவெளியில், ஒவ்வொன்றின் ஒலியும் எல்லா ஆசனங்களையும் எட்டும்படி இருந்தால் தாராளமாகச் செய்யலாம். நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்தாலோ, இணையத்தில் நேரலையாக அனுப்பினாலோ அங்கும் ஸ்டீரியோ பயன்தரும்; கடல் கடந்திருந்து ஹெட்போனில் கேட்கும் உறவினர் நடுக் கோட்டிலேயே இருக்கிறார். அதையே சமையலறையில் கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்பவரும் இருக்கிறார் என்பதால், கூட்டினாலும் கெடாத ஓசையே அங்கும் வேண்டும்.

நிகழ்ச்சிக்கு முன்னும் நடுவிலும்

ஒலிப் பரிசோதனைக்கு அரை மணித்தியாலம் முந்திப் போங்கள். ஸ்டீரியோவாக வாசிப்பதென்றால், நடுவில் நிற்கும் ஓசை ஒன்றைத் தெரிந்து ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்து, மிக்சரில் இட வழி தனியே, வல வழி தனியே கேட்டு, இரண்டின் அளவையும் சமப்படுத்துங்கள். வயர்களின் இரு முனையிலும் நிற நாடா ஒட்டிவைத்தால் இருட்டில் மாறிப்போகாது. பின்பு வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் இறங்கி நடவுங்கள். முன் வரிசை இடது மூலை, வலது மூலை, பின் கதவடி என மூன்று இடத்திலும் நின்று கேளுங்கள். மெட்டு எங்கேனும் மறைகிறதா? அப்படியானால் 'பான்' குமிழ்களை நடுவை நோக்கித் திருப்பச் சொல்லுங்கள். பாடுபவர்கள் நிற்கும் இடத்திலும் நின்று கேட்க மறவாதீர்கள். அவர்களுக்குப் போகும் பொக்ஸுக்கு இடமோ வலமோ தனியாகப் போகாமல், இரண்டும் கூட்டிய ஒலியே போகிறதென உறுதிசெய்யுங்கள். அன்று நான் அந்த இடத்தில் இரண்டு நிமிடம் நின்றிருந்தாற் போதும்.

வாசித்துக்கொண்டிருக்கையில் ஒரு வழி செத்துப்போனால் பதற வேண்டாம். இறந்தது 'ஆர்' வழியாயின், ஒலி அமைப்பாளர் கீபோட் வழிகளை ஒரு கணம் மூடியதும் அந்தப் பிளக்கை வாத்தியத்திலிருந்து உருவிவிடுங்கள். முழு இசையும் 'எல்' வழியே போகத் தொடங்கும். இறந்தது 'எல்' வழியாயின், இரண்டையும் உருவி, உயிருள்ள வயரை 'எல்/மொனோ' துளைக்கு மாற்றுங்கள். மூடாமல் உருவினால் மண்டபம் அதிர "டப்" என்று வெடிக்கும். ஆகவே இருவருக்கும் விளங்கும் ஒரு கைச்சைகையை முன்கூட்டியே பேசிவையுங்கள். மிச்சமான அந்த ஒரு வழியின் 'பான்' குமிழ் மிக்சரில் இன்னும் ஓரத்திலேயே திரும்பியிருக்கும். அதை நடுவுக்குக் கொண்டுவரும்படியும் அவருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

நான் இப்போது ஒரு வயருடனேயே போகிறேன். இரண்டாவது வயர் பைக்குள், சுற்றியபடி, மேலதிகமாக இருக்கிறது.